ஐந்தாண்டு தாங்குமா

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா?

போனில் ஒரு நிமிடத்தில் முடிகிற விசாரிப்புக்கு எதற்கு இத்தனை தாள் என்று நீ சிரிப்பாய். விஷயம் இருக்கிறது. எங்கள் நிறுவனம் அடுத்து கொண்டுவரப்போகும் இணைய டிவி பெட்டிக்குள் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்து, அதற்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். கடைசிச் சுற்றுக்கு மூன்று வந்திருக்கின்றன. ஒன்று, உலகம் முழுக்கத் தெரிந்த பெரிய நிறுவனத்தினுடையது. இன்னொன்று, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பலர் சேர்ந்து செய்து வைத்திருக்கும் இலவசத் தளம். மூன்றாவது உங்களுடையது. நீயே உட்கார்ந்து எழுதியது.

தெரிந்தவுடன் நானே போய், "அதைச் செய்யறவங்கள்ல ஒருத்தன் என் கூடப்பிறந்த தம்பி, என்னை விட்டுடுங்க" என்று சொன்னேன். முதலாளி விடவில்லை. அதற்குப் பதிலாகத் தணிக்கை அதிகாரியைக் கூப்பிட்டு ஒரு வழி சொல்லச் சொன்னார். அவர் சொன்ன வழி இது: முடிவு வரும்வரை நீயும் நானும் போனில் பேசக் கூடாது, குறுஞ்செய்தி கூடாது, நேரில் சந்திக்கக் கூடாது. கையால் எழுதிய கடிதம் மட்டும். என் கடிதம் தபாலுக்குப் போகுமுன் அவர் நகல் எடுப்பார், உன் கடிதம் என் கைக்கு வருமுன் நகல் எடுப்பார். வேலையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதக் கூடாது. மின்னஞ்சல் ஆகாதா என்று கேட்டேன். அழித்துவிடலாமாம். அலமாரி நிறையக் கணினி வைத்திருக்கும் அலுவலகத்தில் காகிதத்தை மட்டும்தான் நம்புகிறார் மனிதர். (ஐயா, இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். தவறாக நினைக்க வேண்டாம்.)

எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. மூன்று வருடத்துக்கு முன் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். அப்போது நாங்கள் எடுத்த இயங்குதளத்தைச் செய்தவர்கள் பாதியில் கடையைக் கட்டிவிட்டுப் போனார்கள். பிழைத்திருத்தம் வருவது நின்றது. படம் காட்டும் செயலிக்காரர்கள் தங்கள் பூட்டை மாற்றினார்கள். எங்கள் பெட்டிக்குப் புதுச் சாவி கொடுக்க ஆளில்லை. ஒரு சாயங்காலம் லட்சக்கணக்கான வீடுகளில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. ஆள் போதாமல் நானும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அழைப்பு எடுத்தேன். ஒரு அம்மா நிதானமாகச் சொன்னார்: "உங்க பெட்டியில நாய்க்குச் சோறு வைக்கலாம்னு பார்த்தா, மேல ஓட்டை ஓட்டையா இருக்கு."

இன்னொரு தடவை அப்படி ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான் என்று முதலாளி கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

குட்டிக்கு என் முத்தம். அம்மாவிடம் நான் போனில் பேசலாம், அதற்குத் தடையில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

ஜனவரி 20

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதமும், அதன் ஓரத்தில் தணிக்கை ஐயாவின் வட்ட முத்திரையும் வந்து சேர்ந்தன. அவருக்கு முதல் வணக்கம், உனக்கு இரண்டாவது. எல்லோரும் நலம். அம்மா மாடிப்படி ஏறுகிறாள், இறங்கும்போதுதான் என்னைத் திட்டிக்கொண்டே இறங்குகிறாள். படி கட்டியது நான் இல்லை என்றால் கேட்பதில்லை.

நீ எனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பள்ளியில் மதிப்பெண் அட்டையில் அப்பா மாதிரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐயா, இது நடந்து பல காலம் ஆகிறது, கோப்பில் சேர்க்க வேண்டாம்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அத்தானிடம் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். பல் மருத்துவர் என்றால் விழுந்த பல்லை வாங்கிக்கொள்கிறவர் என்று அவள் நினைப்பு.

வேலையைப் பற்றி எழுதக் கூடாது. சரி, எழுதவில்லை. ஆனால் விதி என் கைக்கு வந்தது இன்று காலைதான், நேற்று வரை மனதில் இருந்ததைச் சொல்லலாம் அல்லவா? எங்கள் பெட்டி நீ ரிமோட்டைக் கீழே வைப்பதற்குள் எழுந்து உட்காரும். அவ்வளவுதான். இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

---

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன் என்றால் பரவாயில்லை, தணிக்கை ஐயாவும் சிரித்திருக்கிறார். கொண்டுவந்து கொடுக்கும்போது முகம் கல்லு மாதிரி இருந்தது, ஆனால் "தீப்பெட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த "நேற்று வரை" வரியின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இருமல் விட்டதா?

எங்கள் சோதனை அறைக்குள் நீ வந்தால் ஆடிப்போவாய். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே படம், ஒன்றுக்கொன்று கண்ணிமைக்கும் நேரம் முன்னே பின்னே. ஒரே கதாநாயகி வரிசையாகத் திரும்பித் திரும்பி அழுகிறாள். பெட்டிகள் கம்பி அலமாரியில் அடுக்கியிருக்கின்றன, ரிமோட்டுகளை நூல் போட்டுக் கட்டியிருக்கிறோம், இல்லாவிட்டால் காணாமல் போகின்றன. சோதனைக்காரர் ஒருவர் இருக்கிறார், பிடுங்கி என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் வேலையே பெட்டி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் மின் இணைப்பைப் பிடுங்குவதுதான். திரும்பச் சொருகினால் பெட்டி எழ வேண்டும். எழாவிட்டால் அது செங்கல். அவர் மூன்றையும் பாரபட்சமில்லாமல் பிடுங்குகிறார். யார் எழுகிறார்கள், யார் எழவில்லை என்று நான் சொல்ல முடியாது.

வேகம், நினைவகம், செயலிகள், பிடுங்கினால் மீள்வது. இந்த நாலுக்கும் எந்திரமே மதிப்பெண் போட்டுவிடும். ஐந்தாவது ஒன்று இருக்கிறது: ஐந்தாண்டு தாங்குமா. அதாவது செய்தவர்கள் அத்தனை காலம் இருந்து பிழைத்திருத்தம் அனுப்புவார்களா. அதை எந்த எந்திரம் சொல்லும்? அதைத் தலைவிதான் போட வேண்டுமாம். மூன்று பேரும் முத்திரை குத்தி உறுதிமொழி கொடுத்திருக்கிறார்கள். போன தடவை கொடுத்தவர்களும் இதே மாதிரி தடித்த தாளில்தான் கொடுத்தார்கள்.

எனக்கு ராத்திரியில் பல் நறநறக்கிறதாம். உன் அத்தான் அச்செடுத்து ஒரு கவசம் செய்து கொடுத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு குட்நைட் சொன்னால் பிள்ளைகள் விழுந்து புரள்கிறார்கள்.

ஒரு விஷயம் கேட்கிறேன், இது உன்னைப் பற்றியதுதான். அங்கேயே இன்னும் நாலைந்து வருடம் இருப்பாய் அல்லவா? குட்டியின் பள்ளிக்கூடத்துக்காகக் கேட்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

---

மார்ச் 2

அன்பு அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். நீங்கள் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி.

இருமல் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு மருத்துவர் புதிதாக ஒரு பட்டை கொடுத்திருக்கிறார். குட்டி பள்ளிக்குப் போகிறாள். இங்கு இரண்டு நாளாக மழை.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

தம்பி

---

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

என்னடா கடிதம் அது? வங்கியிலிருந்து வந்த மாதிரி இருக்கிறது. "அறிந்து மகிழ்ச்சி", "சொல்லவும்"! என்றைக்கு நீ எனக்கு "சொல்லவும்" போட்டிருக்கிறாய்? தணிக்கை ஐயா அதில் ஒரு கோடு போட இடம் கிடைக்காமல் அப்படியே கொடுத்துவிட்டார். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வேறு இல்லை. குட்டியின் பள்ளிக்கூடத்தைப் பற்றித்தானே கேட்டேன்?

பெரிய நிறுவனத்து ஆட்கள் வந்திருந்தார்கள். நாலு பேர், நாலு பேருக்கும் ஒரே மாதிரிச் சட்டை. அவர்கள் தளத்தை எடுத்துக்கொண்டால் முகப்புப் பக்கம் அவர்களுடையதாம், நம் பெயர் கீழே மூலையில் வருமாம். யார் எந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்ற தகவலும் அவர்களுக்குத்தான். வீடு நம்முடையது, வாசற்கதவு மட்டும் அவர்களுடையது என்கிறார்கள். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. இதை எல்லோருக்கும் அறிவித்துவிட்டோம், அதனால் எழுதுகிறேன்.

நேற்று அம்மாவிடம் பேசினேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறாயாம். அலுவலக மேஜையில் வைத்திருந்த செடியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாயாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, சும்மாதான் என்றாயாம்.

வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான்: நிம்மதியாகத் தூங்குகிறாயா?

பதில் போடு. சீக்கிரம் போடு.

அக்கா

---

ஏப்ரல் 4

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம். உன் பல் எப்படி இருக்கிறது?

தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். அம்மா எதையாவது சொல்வாள், அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நானும் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ கண்ணால் பார்ப்பதை வைத்து முடிவு செய். என்னைப் பார்க்காதே. உன் தம்பி ஒருவன் அங்கே இருக்கிறான் என்பதையே மறந்துவிடு.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

தம்பி

---

ஏப்ரல் 12

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல். இது வீட்டிலிருந்து போகிறது, முத்திரை கிடையாது. ஆனாலும் வேலையைப் பற்றி ஒரு வரி எழுதினால் உன் அக்கா எனக்குப் பல் வைத்தியம் பார்த்துவிடுவாள், அதனால் வீட்டு விஷயம் மட்டும்.

உன் கடைசிக் கடிதத்தை அவள் நான் எக்ஸ்ரே பார்ப்பது மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். "மறந்துவிடுன்னு எழுதியிருக்கான், எதுக்கு மறக்கச் சொல்றான்?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொன்னேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அந்த ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாளே, அதே முகம் இப்போது திரும்ப வந்திருக்கிறது.

உன் மனதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. முன்பு மாதிரி நாலு வரி கிண்டலாக எழுதிப் போடு, போதும். அவளுக்கு அதுதான் மருந்து. குட்டியின் பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல், நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

உன் அத்தான்

---

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். இன்றைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே நலம். முடிவு அறிவித்தாகிவிட்டது. தணிக்கை ஐயா கோப்பைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு நகல் இல்லை, முத்திரை இல்லை. போன் செய்திருக்கலாம், ஆனால் இதை வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

இலவசத் தளத்தைத்தான் எடுத்திருக்கிறோம். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், நாங்கள் பார்த்துவிட்டுத்தான் எடுத்தோம். வேலை நிறைய இருக்கிறது, எல்லாம் நாங்களே செய்துகொள்ள வேண்டும். ஆனால் அதை யாரும் ஒருநாள் காலையில் மூடிவிட்டுப் போக முடியாது.

உன்னிடம் மறைக்கக் கூடாது. எந்திரம் போட்ட நாலு மதிப்பெண்ணிலும் முதலாவது வந்தது உங்களுடையதுதான். பிடுங்கி எத்தனை தடவை பிடுங்கினாலும் அது எழுந்தது. "இதைச் செஞ்சவன் கையைக் காட்டச் சொல்லுங்க மேடம், கண்ணுல ஒத்திக்கறேன்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமும் காட்டிக்கொள்ள முடியாமல் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய் நின்றேன்.

ஐந்தாவதில்தான் நான் கை வைத்தேன். நீண்ட கால ஆதரவு குறித்து ஐயம் உள்ளது என்று எழுதிக் கீழே இறக்கிவிட்டேன். உனக்குத் தெரியும் எதனால் என்று. ஜனவரியில் உன் பெட்டியைப் பற்றி அத்தனை துள்ளலாக எழுதியவன், மார்ச்சில் மழையைப் பற்றி எழுதுகிறாய். செடியை வீட்டுக்குக் கொண்டுவருகிறாய். என்னைப் பார்க்காதே, மறந்துவிடு என்கிறாய். உங்கள் பிரிவை மூடப்போகிறார்கள், உன்னால் சொல்ல முடியவில்லை, விதியையும் மீறாமல் அக்காவையும் குழியில் விழ விடாமல் நீ செய்ய முடிந்தது அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது தம்பி. வாயைத் திறக்காமலே என்னைக் காப்பாற்றிவிட்டாய். நன்றி என்பது சின்ன வார்த்தை.

நீ இப்போதே வேறு இடம் தேட ஆரம்பி. ஒரு மாதம் இங்கே வந்து இரு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. அம்மாவுக்குக் கீழ் அறையைக் காலி செய்து வைக்கிறேன், படியே கிடையாது.

உன் அக்கா

---

மே 20

அக்காவுக்கு,

அம்மா, குட்டி, வீட்டுக்காரி, மூவரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ இரண்டு தடவை போன் செய்தாய், நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதத்தில் நன்றி என்று எழுதியிருந்தாய். எதற்கு என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. புரிந்த பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரியில் எங்கள் மேலாளர் பிரிவில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். பெரிய ஒப்பந்தம் ஒன்று வந்தால் பிரிவு நிற்கும், வராவிட்டால் நிற்காது. வரப்போகிற பெரிய ஒப்பந்தம் என்று அப்போது இருந்தது உங்களுடையது ஒன்றுதான். அது கிடைத்தால் ஐந்தாண்டு என்ன, பத்தாண்டுக்கும் ஆள் போட்டுத் தருகிறோம் என்று மேலிடத்தில் எழுத்தாகவே கொடுத்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அக்காதானே அங்க தலைவி? ஒரு வரி எழுதுங்க. குடும்ப நிலைமையைச் சொன்னாக்கூடப் போதும்" என்றார். மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பேனா ஓடவில்லை அக்கா. வழக்கம் மாதிரி என் பெட்டியைப் பற்றிக் கிண்டலாக ஒரு வரி எழுதினாலும் அது சிபாரிசு ஆகிவிடும். கவலையாக இருக்கிறேன் என்று எழுதினால் பிச்சை கேட்பதாகிவிடும். நாலு வருடம் இங்கேயே இருப்பாயா என்று கேட்டாய். ஆமாம் என்றால் பொய்யாகலாம், தெரியாது என்றால் நீ என்னை நினைத்து இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டுவிடுவாய் என்று பயந்தேன். அதனால் மழையைப் பற்றி எழுதினேன். என்னைப் பார்க்காதே என்று எழுதியது நீ எனக்காகச் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. பெட்டியை மட்டும் பார்த்தால் எங்களுடையதுதான் ஜெயிக்கும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. அத்தான் எழுதியபோது அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது பின்வாசல் வழியாகப் போகிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

செடிக்கு மேல் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேர் அழுகிக்கொண்டிருந்தது. அதனால்தான் கொண்டுவந்தேன்.

உங்கள் அறிக்கை இங்கே வந்ததும் அடுத்த கேள்வி: நம் பிரிவு ஆட்டம் கண்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நான்தான் உளறியிருப்பேன் என்று சொன்னார்கள். உங்கள் தணிக்கை அதிகாரியிடம் கேட்டு நம் கடிதங்களின் நகலை வரவழைத்தார்கள். மேலாளர் என் முன்னாலேயே வரி வரியாகப் படித்தார். தீப்பெட்டி, இருமல், முழங்கால் பட்டை. கடைசியில், "ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றார். நான் நிரபராதி என்று நிரூபணமாகிவிட்டது. அடுத்த வாரமே பிரிவை மூடும் ஆணையும் வந்துவிட்டது. ஜூன் முடிவோடு பதினாலு பேரும் வெளியே.

நாங்கள் மூடிவிடுவோம் என்று நினைத்து நீ எடுக்கவில்லை. நீ எடுக்கவில்லை என்பதால்தான் மூடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது அக்கா. உன் மேல் என்று சொல்ல முடியவில்லை, என் மேல் என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் வருகிறது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

தம்பி

---

ஜூன் 3

என் தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளைகள் நலம், அத்தான் நலம். நான் உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து சரியில்லை. நீ சாப்பிடுகிறாயா? உன் வீட்டுக்காரி என்ன சொல்கிறாள்? அவளுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

போன வாரம் உங்கள் பிரிவு மூடப்படுகிற செய்தி இங்கே வந்தது. முதலாளி எல்லோரையும் கூட்டினார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "அவங்க மூடப்போறதை ஒரு மாசம் முன்னாடியே மோப்பம் பிடிச்சது இவங்க ஒருத்தர்தான். நாம எல்லாரும் இன்னைக்குச் சோறு சாப்பிடறோம்னா இவங்களாலதான்" என்றார். கை தட்டினார்கள். பிடுங்கியும் தட்டினார், ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அந்தக் கைதட்டல் எனக்குக் கன்னத்தில் விழுகிற மாதிரி இருந்தது தம்பி. உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் தணிக்கை ஐயாவின் அறைக்குப் போனேன். அந்த ஐந்தாவது மதிப்பெண்ணுக்கு என்னிடம் ஒரு ஆதாரமும் இருந்ததில்லை, என் தம்பி கிண்டல் பண்ணாமல் கடிதம் எழுதினான் என்பதற்காகப் போட்டது, அதைத் தப்பு என்று பதிவு செய்யுங்கள், மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள், என் பதவி போனால் போகட்டும் என்றேன். அவர் கோப்பின் கயிற்றை அவிழ்த்தார். உன் கடிதங்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் மறுபடி படித்தார். பிறகு சொன்னார்:

"மேடம், நீங்க போட்ட அன்னைக்கு அது தப்பு. இன்னைக்கு அது சரி. அவங்க மூடறாங்க. சரியான மதிப்பெண்ணை நான் எப்படித் திருத்தறது?"

மார்ச் மாதக் கடிதத்தைப் படித்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்ததாம், இந்தப் பையன் எதையோ கேட்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தன் வேலை எழுதியிருப்பதைப் படிப்பது மட்டும்தான் என்றார். நல்ல மனிதர். அவரும் சும்மா இருந்துவிட்டார்.

ஆக, நான் செய்தது தப்பு என்று இனி எந்த ஊரிலும் யாரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். "முடிவு சரியா வந்துச்சுல்ல, விடுங்க" என்றார். அடுத்த பெட்டிக்கும் நான்தான் தலைவி என்றார். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உனக்கு இங்கே வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ இன்னும் ஒரு மாதம் பேச மாட்டாய் என்று தெரியும். நாலு மாதம் நான் உன் ஒவ்வொரு வரியையும் மோந்து மோந்து பார்த்தேன். உன்னை நம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தேன். நேராக முகத்தைப் பார்த்து, என்னடா ஆச்சு என்று விதியை உடைத்துக் கேட்டிருந்தால், அதிகபட்சம் எனக்கு வேலை போயிருக்கும். பதினாலு பேருக்குப் போயிருக்காது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன், மன்னிக்க உனக்கு மனசு வராவிட்டாலும் பரவாயில்லை.

அம்மாவிடம் நீ சொல்வதற்கு முன் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் என்னிடம் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன், அதைத் தெரிந்துகொள்.

இதற்குக் கடிதம் எழுதாதே. போனை எடு. இனிமேல் நகல் எடுக்க யாரும் இல்லை, கோடு போட யாரும் இல்லை. பதினாலு பேர் சார்பாகவும் என்னைத் திட்டு, வாய்க்கு வந்தபடி திட்டு. நலமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதே.

அக்கா